இருப்பவராகக் கருதப்படுவார்

மேலவை என்றால் மாடியில்தான் இருக்கும் என்று நம்பிப் படியேறிவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அந்தக் கட்டடத்தைக் கட்டியவருக்கு அரசியல் தெரியாது. கீழவையை மாடியிலும் மேலவையைத் தரைத்தளத்திலும் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே கீழவையில் நிறைவேறும் ஒவ்வொரு மசோதாவும் நாற்பத்திரண்டு படி இறங்கித்தான் மேலவைக்கு வரவேண்டும்.

வந்து என்ன ஆகும்? தாமதமாகும். அதற்குத்தான் அந்த அவை. கீழவையில் உட்கார்ந்திருப்பவர்கள் மக்கள் நேரடியாக வாக்குப் போட்டு அனுப்பியவர்கள். ஐந்து வருடத்தில் உலகத்தைப் புரட்டிவிட வேண்டும் என்ற பரபரப்பு அவர்களுக்கு. மேலவையில் இருப்பவர்கள் தேர்தலில் தோற்றவர்கள், தோற்போம் என்று தெரிந்து நிற்காதவர்கள், கட்சித் தலைவர் முகத்துக்கு நேரே ஒருமுறை உண்மை பேசிவிட்டவர்கள். இவர்களால் எந்த மசோதாவையும் கொல்ல முடியாது. திருத்தம் சொல்லலாம், திருப்பி அனுப்பலாம், கொஞ்ச நாள் மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். நல்ல வேளையாக, நாட்டில் பல மசோதாக்களுக்கு அந்தக் கொஞ்ச நாளே போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்த அவையின் மசோதாப் பிரிவில், பதினான்காம் எண் அறையில், முப்பத்தொரு வருடமாக வாசித்துக்கொண்டிருந்தாள் காற்புள்ளி அக்கா.

வாசிப்பதுதான் அவள் உத்தியோகம். திருத்தம் ஏற்ற மசோதா மறுபடி அச்சாகி வரும்போது, மூலப்படியை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே இருப்பவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டிக்கொண்டே வரவேண்டும். ஒரு புள்ளி விடுபடக் கூடாது. "இச்சட்டம் காற்புள்ளி அறிவிக்கை வெளியாகும் நாளிலிருந்து காற்புள்ளி நடைமுறைக்கு வரும் முற்றுப்புள்ளி" என்று நாள் முழுக்க வாசித்து, நாக்கு அப்படியே பழகிவிட்டது. கடைக்காரரிடம் "அரைக் கிலோ தக்காளி காற்புள்ளி கால் கிலோ வெங்காயம்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். "காற்புள்ளி தீர்ந்துபோச்சும்மா, நாளைக்கு வரும்" என்றார் அவர். பட்டப்பெயர் அங்கிருந்து எப்படியோ அலுவலகம் வரை வந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருப்பவர் பச்சை. பச்சை மையில் திருத்துவதால் அந்தப் பெயர். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் ஒன்றும் மூக்கில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடி. அவர் சேர்ந்த முதல் நாளே அக்கா தொழிலின் ஒரே சட்டத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

"என் குரல்தான் மூலம். உங்க கையில இருக்கிற தாள் சந்தேகக் கேஸ். அது எவ்வளவு நியாயமாப் பேசினாலும் நம்பாதீங்க. நான் சொல்றதுக்கும் அதுக்கும் வித்தியாசம் வந்தா, அடிச்சிட்டு நான் சொன்னதை எழுதுங்க."

"நீங்க தப்பாச் சொன்னா அக்கா?"

"நான் தப்பாச் சொல்ல மாட்டேன்."

சொன்னபடி பத்தொன்பது வருடம் நடந்தும் காட்டினாள்.

அந்தக் கூட்டத்தொடரில்தான் காணாமற்போனோர் பதிவேட்டு மசோதா படியிறங்கி வந்தது. இல்லாத ஆட்கள் பதிவேடுகளில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அமைச்சரின் கவலை. ஐந்து வருடமாகத் தகவல் இல்லாதவர்களைப் பதிவாளர் தானாகவே இறந்தவராகப் பதிந்துவிடலாம்; குடும்பத்தாரைக் கேட்க வேண்டியதில்லை. கீழவை பதினோரு நிமிடத்தில் நிறைவேற்றியிருந்தது. அதிலும் மூன்று நிமிடம், காணாமல்போன எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி அமைச்சர் அடித்த நகைச்சுவைக்குச் சிரித்த நேரம்.

அக்கா மூன்றாம் பிரிவைக் காற்புள்ளி இல்லாமல் மனசுக்குள் படித்தாள். அவளுடைய மகன் போய் ஆறு வருடம் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

சண்டை இல்லை, கடிதம் இல்லை, காதல் கத்தரிக்காய் எதுவும் இல்லை. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. ஒரு வியாழக்கிழமை காலை, "செருப்பு தைக்கக் கொடுத்துட்டு வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனான். கைப்பேசி முழுசாக ஏறிவிட்டது. அவன் வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் மசோதாவைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்கிக்கொண்டு நிற்பது எதைக் கண்டாலும் அவருக்குப் பிடிக்காது. மேலேயோ கீழேயோ ஒரு பக்கம் போய்ச் சேர வேண்டும்.

"அஞ்சு வருஷம்னா தம்பி..." என்று இழுத்தாள்.

"நல்லதுதானே? நாம போய் எழுதிக் கொடுக்க வேண்டாம். அவங்களே எழுதிக்குவாங்க. உன் கையும் சுத்தம், என் கையும் சுத்தம்."

"அவன் செருப்பு தைக்கப் போயிருக்கான்."

"ஏழு வருஷமா எந்தச் செருப்புடி தைக்கிறாங்க?"

சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார்; கையில் ஒன்றும் இல்லை.

பிணவறைக்கு வந்து அடையாளம் காட்டச் சொல்லி நான்கு தடவை காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. நான்கு தடவையும் அவர்தான் போனார். திரும்பி வந்து வாசலிலேயே "இல்ல" என்பார். அவள் தேநீர் கொடுப்பாள். உள்ளே என்ன பார்த்தார் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மறுநாள் தாழ்வாரத்தில் காது மெஷின் ஐயா எதிரே வந்தார். எழுபத்தெட்டு வயது உறுப்பினர். அமைச்சர்கள் பேசும்போது காதிலிருக்கும் கருவியை அணைத்துவிடுவார். கேட்டால் பேட்டரி சிக்கனம் என்பார்.

"என்னம்மா காற்புள்ளி, இன்னைக்கு மேலேர்ந்து என்ன சரக்கு இறங்கியிருக்கு?"

"காணாமற்போனோர் மசோதா ஐயா."

"உள்ள என்ன இருக்கு?"

மசோதாவைப் பற்றி ஊழியர்கள் உறுப்பினரிடம் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. பிரிவு எத்தனை, பக்கம் எத்தனை என்று மட்டும் சொல்லலாம். "பன்னிரண்டு பிரிவு, ஒரு அட்டவணை ஐயா" என்றாள். அவர் நகர்ந்தார். முப்பத்தொரு வருட உத்தியோகம் அவளுக்குப் பின்னால் நின்று புடவையைப் பிடித்து இழுத்தது. அதையும் மீறிச் சொன்னாள்: "மூணாம் பிரிவை மட்டும் ரெண்டு தடவை படிங்க ஐயா."

கிழவர் நின்று கருவியின் ஒலியைக் கூட்டி வைத்தார். "ஏன்மா?"

"சும்மாதான் ஐயா."

விவாதத்தன்று அவையில் அலுவலர்கள் உட்காரும் தடுப்புக்குள் அக்காவும் இருந்தாள். காது மெஷின் ஐயா எழுந்தார். "அமைச்சர் அவர்களே, என் வீட்டுச் சாவி காணாமப் போனா, அது இனிமே கிடைக்காதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். நீங்க வீட்டுக்கு வந்து 'உன் சாவி செத்துப்போச்சு'ன்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போக முடியாது. சாவிக்கே அப்படின்னா, சாவியை எடுத்துட்டுப் போன பிள்ளைக்கு?"

அவையில் நாலு பேர் விழித்துக்கொண்டார்கள். அந்த அவைக்கு அது பெரிய எண்ணிக்கை.

இரண்டு திருத்தம் கொண்டுவந்தார். ஒன்று, ஐந்து வருடத்தை ஏழாக்குவது. இரண்டு, குடும்பத்தார் விண்ணப்பித்தால் மட்டுமே இறந்தவராகப் பதிவது. பெரியவர் மனசு நோகக் கூடாது என்று முதலாவதை அமைச்சரே ஏற்றுக்கொண்டார். இரண்டாவது வாக்கெடுப்புக்குப் போனது. உறுப்பினர்களை வாக்களிக்கக் கூப்பிடும் மணி அடித்தது. ஐயாவின் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தேநீர் அறையில் சர்க்கரை வியாதிக்கு எந்த மருந்து நல்லது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருக்கும் மணி பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எப்போதோ யாரோ அதன்மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். திருத்தம் ஒரு வாக்கில் தோற்றது.

வெளியே வந்த ஐயா அவளைப் பார்த்து நின்றார். "நான் ரெண்டு தடவை படிச்சேன்மா. அவங்க ஒரு தடவைகூடப் படிக்கல."

மறுநாள் மதியம், ஏழாகத் திருத்திய மசோதா அச்சாகிப் பதினான்காம் அறைக்கு வந்தது. மின்விசிறி கறக் கறக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா மூலத்தை எடுத்தாள். பச்சை அச்சுப்படியை விரித்தார். ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் அவர் "சரி" என்பார்; அடுத்ததற்குப் போவார்கள்.

"பிரிவு மூன்று முற்றுப்புள்ளி. ஏழு ஆண்டுகளாக எவ்விதத் தகவலுமின்றிக் காணப்படாத ஒருவர் காற்புள்ளி பதிவாளரின் ஆணையால் காற்புள்ளி இருப்பவராகக் கருதப்படுவார் முற்றுப்புள்ளி."

பச்சையின் பேனா நின்றது. அவர் தாளில் 'இறந்தவராக' என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அக்கா அதற்குள் நான்காம் பிரிவின்மேல் விரலை வைத்திருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கேட்டிருக்கலாம். ஆனால் குரல்தான் மூலம். தாள் சந்தேகக் கேஸ். அவையில் கடைசி நேரத்தில் எதையாவது மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். 'இறந்தவராக' என்பதை அடித்தார். பச்சை மையில் 'இருப்பவராக' என்று எழுதினார்.

"சரி" என்றார்.

சரியாக இருந்ததைத் தப்பாகத் திருத்த, இந்த உலகத்தில் அந்த அறைக்கு மட்டும்தான் தெரியும்.

அவைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். மசோதா நாற்பத்திரண்டு படி ஏறிப் போனது. கீழவைக்கு அன்று கடைசி நாள். உறுப்பினர்களின் பெட்டி படுக்கைகள் காரில் ஏறிவிட்டிருந்தன. மேலவையின் திருத்தத்தோடு மசோதாவுக்கு இசைவு உள்ளவர்கள் 'ஆம்' என்க என்றார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர் ஒரே குரலில் 'ஆம்' என்றார்கள். இப்படியாக அந்த நாட்டின் இரண்டு அவைகளும், காணாமற்போன ஒவ்வொருவரும் இருக்கிறார் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

தவறைக் கண்டுபிடித்தது நாட்டுத் தலைவரின் அலுவலகத்தில் இருந்த ஒரு தட்டச்சர். கையெழுத்துக்கு வைக்கும் தாளைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அந்த அம்மாளுக்கு இருந்தது. எழுத்துப்பிழையை அவைத்தலைவர் தாமே திருத்தலாம் என்று விதி உண்டு. ஆனால், 'இருத்தலும் இறத்தலும் எழுத்துப்பிழை ஆகா' என்று சட்ட ஆலோசகர் நாலு பக்கம் கருத்து எழுதினார். இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை மறுபடி நிறைவேற்றியாக வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கு நான்கு மாதம் இருந்தது.

பிரிவின் கண்காணிப்பாளர் அக்காவையும் பச்சையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்ததிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"சார், நான் காதுல தப்பா வாங்கிட்டேன்" என்றார் பச்சை.

"அவர் காதுல ஒண்ணும் தப்பில்ல சார். என் வாய்தான்."

"வேணும்னு படிச்சீங்களா?"

அக்கா யோசித்தாள். பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை. "தெரியல சார்."

"தெரியலன்னு விளக்கக் கடிதத்துல எழுத முடியாதும்மா. வேணும்னா வேணும், இல்லன்னா இல்ல."

"தாள்ல இறந்தவராகன்னு இருந்ததைப் பாத்தேன் சார். அப்படியேதான் படிச்சேன்னு இப்பவும் தோணுது. நான் சொன்னது என் காதுக்கே கேக்கல."

கண்காணிப்பாளர் அவளுடைய பணிக் கோப்பைப் புரட்டினார். ஏதோ திட்டுவதற்குப் பழைய குற்றம் தேடுகிறார் என்று பச்சை நினைத்தார். ஒரு பக்கத்தில் கை நின்றது. ஏழு வருடத்துக்கு முந்தைய விடுப்புச் சீட்டு: பதினோரு நாள். காரணம் என்ற இடத்தில், அவள் கையெழுத்தில், 'மகனைத் தேட'. அதன் கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவரேதான். போட்டதை மறந்துபோயிருந்தார்.

பிறகு விளக்கக் கடிதத்தை அவரே எழுதினார். காரணம்: 'களைப்பு'. எச்சரிக்கை ஒன்று, இருவருக்கும் பொதுவாக.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். "ரெண்டு அவையும் ஒத்துக்கிட்டாங்களாம்ங்க. தம்பி இருக்கானாம்."

அவர் சிரித்துவிட்டார். ஏழு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "எத்தனை பேரு கை தூக்கினாங்க?"

"இருநூறுக்கு மேல."

"பெரிய மெஜாரிட்டிடி!" சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தினார். "ரெண்டாவது தடவை போனேனே, அன்னைக்கு அந்தச் சட்டை நம்ம தம்பி சட்டை மாதிரியே இருந்துச்சு. நீல கோடு. காலரைத் திருப்பிப் பாக்கச் சொன்னாங்க. தையல்காரர் சீட்டு வேற கடை. யாரோ பெத்த பிள்ளை அங்க கிடக்கு, நான் 'அப்பாடா'ன்னு சொன்னேன். வாய் விட்டுச் சொன்னேன்."

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தான் இத்தனை வருடம் நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்காக அவர் நான்கு தடவை உள்ளே போய் வந்திருக்கிறார் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றாள். அடுத்த தடவை வரவே இல்லை, யாரும் அழைக்கவில்லை.

நான்கு மாதத்தில் காது மெஷின் ஐயாவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் நன்றாகக் காது கேட்பவர். அதனால் பேசுவதே இல்லை. புதிய கூட்டத்தொடரின் மூன்றாம் நாள், மசோதா மறுபடி படியிறங்கி வந்தது. இந்தத் தடவை மேலவைக்கு ஒன்பது நிமிடம் போதுமானதாக இருந்தது.

"வேற யாரையாவது படிக்கச் சொல்லட்டுமா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"நானே படிக்கிறேன் சார்."

படித்தாள். மூன்றாம் பிரிவில் அந்தச் சொல்லை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி, படித்தாள். பச்சை கழுத்துக் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அவர் பதில் சொல்லும் வரை அவள் அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருந்தாள்.

சட்டம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல். நடுவில் பதினெட்டு நாள். அக்கா பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், குடும்பத்தாரே விண்ணப்பிக்கும் பழைய படிவத்தை வாங்கி வந்து கணவர் முன்னால் வைத்தாள்.

"என்னடி இது?"

"முதல் தேதி ஆனா யாரோ ஒரு குமாஸ்தா பத்தோட பதினொண்ணா தம்பி பேர்ல கோடு இழுத்துட்டுப் போவான். படிக்கக்கூட மாட்டான். அதுக்கு நாமளே எழுதிடலாம்."

முடித்துவிடலாம் முடித்துவிடலாம் என்று ஏழு வருடம் நச்சரித்தவர், படிவத்தைத் தள்ளி வைத்தார். "இன்னும் பதினெட்டு நாள் இருக்கே."

"இருக்கு."

"அப்புறம் என்ன அவசரம்?"

அந்தப் பதினெட்டு நாளும் அவர் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே எடுத்தார். ஒன்று கடன் அட்டை வேண்டுமா என்றது. ஒன்று தவறான எண். தவறான எண்ணில் பேசிய பையனை, "எங்கேர்ந்து பேசறே தம்பி, சாப்பிட்டியா?" என்று ஐந்து நிமிடம் பிடித்து வைத்துக்கொண்டார்.

முதல் தேதிக்கு முந்தைய கடைசி வேலை நாளில் இரண்டு பேரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். கூடத்தில் நீளமான மேசை. நூலில் கட்டிய பேனா. அக்கா வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். பெயர். பிறந்த தேதி. கடைசியாகக் கண்டவர்: தாய். ஒன்பதாவது இடத்தில், 'இறந்துவிட்டதாக நம்புவதற்கான காரணம்' என்று அச்சாகி, கீழே இரண்டு கோடு விட்டிருந்தார்கள்.

எழுத ஒன்றும் இல்லை. ஒரு நாட்டின் சட்டத்தையெல்லாம் வாய் வலிக்க வாசித்தவள் அந்த இரண்டு கோட்டுக்கு முன்னால் முட்டி நின்றாள். அதை அப்படியே விட்டுவிட்டு மற்றதை நிரப்பி ஜன்னலில் நீட்டினாள்.

ஜன்னலில் இருந்த எழுத்தர் புரட்டினார். "ஒன்பது காலியா இருக்கேம்மா. எதாவது எழுதுங்க. இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"என்ன எழுதறதுன்னு தெரியலங்க."

"எல்லாரும் என்னமோ எழுதறாங்கம்மா. விபத்து, வெள்ளம்... உங்களுக்கு எது தோணுதோ."

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், படிக்கவில்லை.

"வரலன்னு எழுது" என்றார்.

அவள் 'வரவில்லை' என்று எழுதினாள். எழுத்தர் அதைப் படித்தார். முத்திரையை எடுத்துக் குத்தி, ரசீதைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். இருவரில் யாரும் கையை நீட்டாததால், கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தார்.